பொய்யாகப் பச்சை காட்டிய சோதனை

சியோம்புவா காலையில் அலுவலகத்துக்கு வரும்போதே களைத்திருப்பாள். கிட்டெங்கேலாவிலிருந்து மொம்பாசா சாலை நெரிசலில் மட்டாட்டு வண்டிக்குள் நசுங்கி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து கணினியைத் திறப்பாள். திரை பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும்.

எங்கள் நைரோபி நிறுவனம் மருத்துவக் கருவிகளுக்குள் இருக்கும் சிறு சில்லுகளுக்காகக் கம்பைலர் எழுதியது. மனிதர் எழுதும் நிரலை அது சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும். அந்தக் கட்டளைகள் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைகளை எழுதுவது சியோம்புவாவின் வேலை. கம்பைலரில் யார் எதைத் தொட்டாலும் அவளுடைய சோதனைகளில் சில தோற்றுச் சிவந்துவிடும். அநேகமாக ஒன்றுமிருக்காது, கட்டளைகளின் வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொன்றாகத் திருத்திப் பச்சையாக்குவாள். மறுநாள் வேறொருவர் வேறெதையாவது தொடுவார்.

"உன் திரையப் பாத்தாலே எனக்குப் பிரஷர் ஏறுது" என்பான் லெக்கிஷோன். கம்பைலரை வேகமாக்கும் பகுதி அவனுடையது. சிவப்பில் பாதி அவன் புண்ணியம்.

அந்த வாரம் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். சோதனைகளின் பெயர்களை ஒரே பாணிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எளிய வேலை என்று சந்தோஷமாகவே தொடங்கினாள். ஒரு பெயரை மாற்றியதும் அந்தச் சோதனை சிவந்தது.

"நான் பேரத்தானே மாத்தினேன்?" என்றாள் என்னிடம்.

அது ஆக்சிஜன் கருவிக்கான சோதனை. கருவி ஆக்சிஜன் அளவை இரண்டு முறை படித்து ஒப்பிட வேண்டும். ஆகவே கட்டளைகளில், படிக்கச் சொல்லும் 'லோட்' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறதா என்று சோதனை தேடும். ஆனால் அந்தச் சோதனை நிரலுக்கு அவள் வைத்திருந்த பழைய பெயரே 'டபுள் லோட்'. கம்பைலர் அந்தப் பெயரையும் கட்டளைகளுக்கு மேலே அச்சிடும். சோதனையோ அந்தப் பெயரை ஒன்றாகவும், கட்டளையை இன்னொன்றாகவும் எண்ணிக்கொண்டு இத்தனை நாள் பச்சை காட்டியிருக்கிறது. இரண்டாம் முறை படிப்பது வீண் என்று கம்பைலர் எப்போதோ அதை நீக்கிவிட்டிருந்தது.

மேலாளர் பராசா எட்டிப் பார்த்தார். "பழைய பேரையே வச்சிடும்மா. ரிலீஸ் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் பழைய பெயரையே போட்டாள். பச்சையானது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கிளம்பியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். பெயரை மறுபடி அழித்தாள்.

"முடியாது பாஸ். மூச்சுக்கு வைக்கிற மெஷின்."

"இத்தனை நாளா ஒருத்தரும் புகார் சொல்லலையே?"

"மூச்சு முட்டுறவன் வந்து புகார் சொல்லுவானா?"

பராசா முகத்தைத் தடவிக்கொண்டு, தேதியைத் தள்ளச் சொல்லப் போனார்.

லெக்கிஷோன் ஒரே மதியத்தில் கம்பைலரைச் சரிசெய்துவிட்டான். மறுநாள் அவள் மேசையில் எண்ணெயில் பொரித்த மந்தாசிப் பலகாரம் ஒரு பொட்டலம் வைத்தான். "திட்டாம சாப்பிடு."

"திட்டத் தெம்பில்லடா" என்றாள்.

ஆனால் தான் எழுதிய எந்தச் சோதனையையும் அதற்குப் பிறகு அவளால் நம்ப முடியவில்லை. யாரும் சொல்லாமலே, பழைய சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கம்பைலரை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, சோதனை சிவக்கிறதா என்று பார்த்தாள். பெரும்பாலானவை சிவந்தன. சிவக்காதவையும் இருந்தன. அப்படி ஒன்று கிடைக்கும் ஒவ்வொரு முறையும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

"வேற பிரிவு கேட்டு வாங்கிக்கயேன்" என்றேன் ஒருநாள்.

"இதை முடிக்காமப் போனா தூக்கம் வராது. முடிக்கிற வரைக்கும் தூங்க நேரம் கிடையாது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே கொட்டாவியாகிவிட்டது.

மழைக்காலம் முடியும்போதுதான் கடைசிச் சோதனையைப் பார்த்து முடித்தாள். அது ஒழுங்காகவே சிவந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.