ஐந்தாவது வெடி

‘பட்ட மரம்’ என்று என் புருஷன் சொன்னதும் கையிலிருந்த கஞ்சிச் செம்பை அவர் முகத்தில் எறிந்தேன். நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. எறிந்தது தப்பென்று இன்றுவரை நான் நினைத்ததில்லை. முந்தின நாள் என் தம்பிக்கு ஆண்பிள்ளை பிறந்ததாகத் தேவதானப்பட்டியிலிருந்து, அவன் மாமியார் வீட்டிலிருந்து, தகவல் வந்திருந்தது. எனக்கோ கல்யாணமாகிப் பல வருஷமாகியும் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. அதைத்தான் அவர் குத்திக் காட்டினார்.

எழுபதுகளில் ஆண்டிபட்டிப் பக்கம் நான், புருஷன், தம்பி மூவரும் ஒரே கூட்டமாகக் கிணறு வெட்டப் போனோம். ஆண்கள் பாறையில் குழி போட்டு வெடி வைப்பார்கள். பெண்கள் கல் சுமப்போம். எங்கள் மேஸ்திரி காலையில் ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்து, “வீட்ல சண்டையா?” என்று கேட்பார். ஆமென்றால் அன்றைக்கு அவன் வெடியைத் தொடக் கூடாது, மேலே நின்று கயிறு இழுக்க வேண்டும். கோபத்தில் வந்தவன் உயிரை மயிராக மதிப்பான் என்பது அவர் கணக்கு.

அன்று காலை என் புருஷனின் நெற்றியைப் பார்த்த மேஸ்திரி அதைக் கேட்கவே இல்லை. “ஏலே, நீ மேல நில்லு” என்றார். அவருக்குப் பதிலாக என் தம்பி இறங்கினான். சாதாரணமாக அவன் பயந்தாங்கொள்ளி. திரி பற்றியதும் முதல் ஆளாக ஓடுவான். அன்று எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

ஐந்து குழிக்கும் நெருப்பு வைத்துவிட்டு ஏறி வந்தான். புளியமரத்துக்குப் பின்னால் பதுங்கி எண்ணினோம். நான்குதான் வெடித்தன. அப்படி ஒன்று தங்கிவிட்டால் மறுநாள் காலைவரை யாரும் கிணற்றை எட்டிப் பார்க்கக் கூடாது. விடிந்ததும் வைத்தவனே வந்து அதை எடுக்க வேண்டும். அவனோ விடிந்ததும் பிள்ளையைப் பார்க்கப் போகத் துடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கு என்னைய ஒண்ணும் செய்யாதுக்கா” என்று ஏணியில் கால் வைத்தான். மேஸ்திரி கத்தினார். என் புருஷன் ஓடிப் போய் அவன் சட்டையைப் பிடித்தார்.

“மாப்ள, சொன்னாக் கேளுடா! திரி உள்ள புகைஞ்சுக்கிட்டுக் கெடக்கும்!”

சட்டை கிழிந்து அவர் கையோடு வந்துவிட்டது.

தரை குலுங்கியது. கல்லும் மண்ணும் எங்கள் தலையில் விழுந்தன. நான் தினமும் கல் சுமந்த கூடையில்தான் தம்பியை மேலே கொண்டுவந்தோம். கயிறு இழுத்தது என் புருஷன்.

மேஸ்திரியின் நெஞ்சில் மாறி மாறி அடித்தேன். “சண்டையான்னு கேட்டீகளே, சந்தோஷமான்னு ஒரு நாளாச்சும் கேட்டீகளா?” அவர் தடுக்காமல் நின்றார்.

அடுத்த வருஷம் எனக்குத் தங்கியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. வாந்தியை மறைத்துக்கொண்டு, தினமும் காலையில் ஏதாவது சொல்லிச் சண்டை இழுத்தேன். கடுகடுவென்று போன என் புருஷனை மேஸ்திரி மேலேயே நிறுத்தினார். ஒருநாள் காலையில் வயிற்றைப் பார்த்துப் புருஷனே கண்டுபிடித்துவிட்டார். ஆளுக்கு வாயெல்லாம் பல். சிரித்துக்கொண்டே கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்தார்.

கதவை இழுத்துச் சாத்தி வெளியே பூட்டினேன். உள்ளேயிருந்து எவ்வளவோ கத்தினார். பொழுது சாயும்வரை திறக்கவில்லை.