விருந்தாளிக் கணினி

இதைப் படித்துவிட்டு, "ஏதாவது ஒயர் உரசியிருக்கும்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் பிழைப்பே ஒயர்தான். ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிகளை எல்லாம் பார்த்துக்கொள்வது என் வேலை. எது கோளாறு, எது கோளாறில்லை என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் நடந்தது கோளாறில்லை. நடந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது. எனக்கு முதல், அவருக்கு இரண்டாவது. கீழே எம்பிராய்டரிக் கடை, மேலே வீடு. பள்ளிச் சீருடைச் சட்டையில் முத்திரை, ஓட்டல் துண்டில் பெயர், இப்படிப்பட்ட வேலைகள்தான் எங்கள் கடைக்கு வரும். அவருடைய முதல் மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது.

செத்தவளைப் பார்த்தா பொறாமை என்று கேட்பீர்கள். உயிரோடிருப்பவளோடு சண்டையாவது போடலாம். செத்தவளோடு எப்படிப் போட்டி போடுவது? அவள் சமையலில் இனி ஒருநாளும் உப்பு கூடப்போவதில்லை. என் சமையலில் வாரத்துக்கு இரண்டு நாள் கூடும்.

அவள் படங்களையெல்லாம் அவர் கல்யாணத்துக்கு முன்பே கழற்றிப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். நான் இறக்கிப் பார்க்கவில்லை. என்னைவிட அழகாக இருந்து தொலைத்துவிட்டால்?

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். தங்கமான பெண். ஆனால் எங்கள் இருவருக்கும் 'அண்ணி' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறாள். "அண்ணிக்கு நீலம்னா உசுரு" என்பாள். எனக்கு நீலம் ஆகவே ஆகாது. எந்த அண்ணி என்று நானேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கடையில் ஒரு பழைய கணினி இருந்தது. எம்பிராய்டரி டிசைன் வரையும் மென்பொருள் அதில்தான் ஓடும். புதுக் கணினிகள் அதை ஏற்காது. வெள்ளிக்கிழமை அது லேசாகப் புகைந்து அணைந்துபோனது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"போச்சு. ஸ்கூல் ஆர்டர் அப்படியே நிக்குது. டிசைன் எல்லாம் அதுக்குள்ள."

"போர்டுதான் எரிஞ்சிருக்கு. ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. என் லேப்டாப்ல ஓட வெச்சுத் தரேன்."

"அந்தப் பழைய சிஸ்டம் இதுல ஓடுமா?"

"ஓட வைப்பேன்."

அவர் முகம் தெளிந்தது. எனக்கும் மனசு குளிர்ந்துபோனது. அப்போதுதான் கேட்டேன்.

"இதுல டிசைன் எல்லாம் யாரு போட்டது?"

"அவதான்," என்றார். "இப்போ இல்ல."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். எந்த 'அவ' என்று நான் கேட்கவில்லை. என் மனதில் இருந்தது ஒரே ஒரு 'அவள்'தான்.

ஞாயிற்றுக்கிழமை சரக்கு இறக்க அவர் வேனில் வெளியூர் கிளம்பினார். வர ராத்திரி பத்தாகும் என்றார். நான் கடைக்குள் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். உதவி ஒரு பக்கம். அவள் கணினிக்குள் என்னதான் வைத்திருந்தாள் என்று பார்க்கிற அரிப்பு இன்னொரு பக்கம். எது பெரியது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நான் செய்ததற்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின். ஒரு கணினிக்குள் பொய்யாக இன்னொரு கணினியை உண்டாக்குவது. லேப்டாப்பின் நினைவகத்தில் கொஞ்சம், ஹார்ட் டிஸ்க் என்ற வட்டில் கொஞ்சம் என்று பங்கு பிரித்துக் கொடுத்தால், திரையில் ஒரு சின்ன ஜன்னலுக்குள் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடும். தான் ஒரு பெட்டிக்குள் இருப்பதே அதற்குத் தெரியாது. தன்னை முழுக் கணினி என்றே நினைத்துக்கொள்ளும். லேப்டாப்பை வீட்டுக்காரர் என்போம், உள்ளே ஓடுவதை விருந்தாளி என்போம். விருந்தாளிக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பது வீட்டுக்காரர் கையில்.

பழைய வட்டை அப்படியே நகலெடுத்தேன். நினைவகத்தில் கால் பங்கு கொடுத்தேன். இணையத்தைத் துண்டித்தேன். ஒலியை அணைத்தேன். லேப்டாப்பின் எந்த ஃபோல்டரையும் அது பார்க்க முடியாதபடி பூட்டினேன். முதல் தடவை கோளாறு என்று நீலத்திரை காட்டி நின்றது. வட்டின் அமைப்பை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன்.

மணி ஆறு ஐம்பது. திறந்தது.

பாஸ்வேர்ட் கேட்டது.

அவருக்கு ஃபோன் போட்டேன். "பாஸ்வேர்ட் என்ன?"

"பாஸ்வேர்டா? அதுல எதுவும் கிடையாதே. ஆன் பண்ணா நேரா திறந்துக்கும்."

"கேக்குதே."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கேட்டதில்லம்மா. ஆறேழு வருஷமா நான்தான் ஓட்டுறேன்."

வைத்துவிட்டேன். பாஸ்வேர்ட் மறந்தால் ஞாபகப்படுத்த ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதை அழுத்தினேன். ஒரே ஒரு சொல் வந்தது.

அவர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பயத்தால் இல்லை. எரிச்சலால். அவர் பிறந்த நாளைத் தட்டினேன். திறந்துகொண்டது. அவர் பிறந்த நாள் எனக்கும்தான் தெரியும் என்று திரையைப் பார்த்து மனதுக்குள் சொன்னேன்.

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. பள்ளி முத்திரைகள், ஓட்டல் பெயர்கள், பூக்கள், கொடிகள். ஒவ்வொன்றும் அத்தனை நேர்த்தி. எனக்கு ஒரு கோடு நேராக வராது. பொறாமையோடு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மவுஸ் சிக்கிக்கொண்டது.

இது நடப்பதுதான். அந்தச் சின்ன ஜன்னலுக்குள் கர்சர் போனால் சில சமயம் வெளியே வராது. வலதுபக்கக் கண்ட்ரோல் விசையை அழுத்தினால் விட்டுவிடும். அழுத்தினேன். விடவில்லை. மறுபடி அழுத்தினேன்... விடவில்லை.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

கர்சர் நகர்ந்தது.

மேசை ஆடியிருக்கும் என்று மவுஸைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டேன். கர்சர் நகர்ந்துகொண்டே இருந்தது. அவசரமில்லாமல், பழகிய கையாக, மெனுவுக்குப் போய் வரையும் மென்பொருளைத் திறந்தது.

பேய்க்கு இது நேரமே இல்லை என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது. மணி ஏழே கால்தான். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு மறுபடி ஃபோன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"சரக்கு இறக்கிட்டு இருக்கோம். என்ன?"

"சும்மாதான்..."

"அதுக்குள்ள மெஷின ஓட்டிட்டியா? பரவாயில்லையே!"

"என்ன மெஷின்?"

"சத்தம் கேக்குதே. டக டகன்னு."

எம்பிராய்டரி மெஷின் என் முதுகுக்குப் பின்னால் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அணைந்திருந்தது. வளையத்தில் வெள்ளைத் துணி மாட்டியபடி இருந்தது. ஊசி அசையவில்லை. என் காதுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"நல்லா கேக்குது," என்றார் அவர். "சரி, வந்து பேசறேன்."

ஃபோன் அணைந்தது.

திரைக்குத் திரும்பினேன்.

எங்கள் கல்யாணப் படம் திறந்திருந்தது.

அந்தப் படம் என் லேப்டாப்பில் இருந்தது. பூட்டிய பக்கத்தில். விருந்தாளிக்கு அந்த அறை இருப்பதே தெரியக்கூடாது. ஆனால் ஜன்னலுக்குள் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

படத்தைத் தையலாக மாற்ற அந்த மென்பொருளில் வழி உண்டு. முதலில் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். கர்சர் வரைய ஆரம்பித்தது. அவர் நெற்றி. மூக்கு. தாடை. மெதுவாக... மிக மெதுவாக... காதுக்குக் கீழே வந்தது. நின்றது.

அங்கே அவருக்கு ஒரு சின்னத் தழும்பு உண்டு. படத்தில் தெரியாது. ரொம்பப் பக்கத்தில் போனால்தான் தெரியும். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நாலு மாதமாக நினைத்திருந்தேன்.

கர்சர் அந்தத் தழும்பைச் சரியாக வரைந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷத்திலும் பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.

பிறகு கர்சர் என் பக்கம் வந்தது.

என்னைச் சுற்றி ஒரே இழுப்பு. கட்டம் போட்டது.

அழித்தது.

அவர் பக்கத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை.

"இது என் வீடு," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

கர்சர் நின்றது.

அசையவில்லை...

டக்.

பின்னாலிருந்து.

டக்... டக்...

நான் திரும்பவில்லை.

டக டக டக டக...

மெஷினையும் லேப்டாப்பையும் இணைக்கும் கேபிள் என் மடியில் சுருண்டு கிடந்தது. நான் அதை இன்னும் மாட்டவே இல்லை.

லேப்டாப்பை அழுத்தி அணைத்தேன். திரை இருண்டது.

மெஷின் நிற்கவில்லை.

எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். ஊசி ஏறி இறங்கியது. வளையம் ஆடியது. மின்சாரம் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

மெஷினின் சுவிட்ச் அணைந்தே இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன்.

டக டக டக...

டக்.

நின்றது.

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள்.

துணியைப் பார்த்தேன். கறுப்பு நூல். எங்கள் கல்யாணப் படம். அவர் அப்படியே இருந்தார், தழும்போடு. பக்கத்தில் ஒரு பெண். ஒடுங்கிய முகம், நேர் வகிடு, கழுத்தை லேசாகச் சாய்த்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் என் கைகள் என் முன்னால் கோத்திருக்கும். அவள் கை அவர் தோளில் இருந்தது.

அது நானில்லை.

செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். அவர் வேன் வந்து நிற்கும் வரை எதிர்க் கடை விளக்கடியிலேயே நின்றேன்.

அவர் உள்ளே போய்த் துணியை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பழைய டிஸ்க்ல ஏதோ இருந்திருக்கும். படு," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை அடிக்கலாம்போல் இருந்தது.

மறுநாள் காலையில் நாத்தனாரை வரச்சொன்னேன். துணியை அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் கொண்டுபோனாள்.

"யாரு அண்ணி இதப் போட்டது?"

"வேற யாரு? உன்னோட அந்த அண்ணிதான். செத்தும் புருஷனை விட மாட்டேங்கிறா."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இது அவங்க இல்லையே."

தன் ஃபோனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். முதல் தடவையாக அவருடைய முதல் மனைவியைப் பார்த்தேன். வட்ட முகம். கன்னத்தில் குழி. என்னைவிட அழகுதான். அந்த நேரத்திலும் அது சுருக்கென்றது.

துணியில் இருந்தவளோடு ஒரு துளிகூட ஒட்டவில்லை.

"அப்போ இது யாரு?"

"கடையில டிசைன் போட்ட பொண்ணு. கடை திறந்ததுல இருந்து இருந்தா. அந்தக் கம்ப்யூட்டர் அவளோடது. அண்ணி அதைத் தொட்டதே இல்ல, அவங்களுக்குத் திறக்கவே தெரியாது." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணனுக்கு முதல்ல கல்யாணம் நிச்சயமான அன்னைக்கு வேலையை விட்டு நின்னுட்டா. அந்த வாரமே செத்துட்டா. யாரும் எதுவும் பேசல."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பாதிப் படியில் நின்றுவிட்டது. அவர்தான். கீழே வரவில்லை.

நாத்தனார் துணியை மடிக்கப் பார்த்தாள். பாதியிலேயே மேசைமேல் போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"இந்த மாதிரி ஒண்ணு நான் முன்னாடியே பார்த்திருக்கேன்."

"எங்க?"

"அந்த அண்ணி என் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து காட்டினாங்க. அவங்க கல்யாணப் படம். அதுல அண்ணன் இருந்தாரு. அண்ணி இல்ல. பக்கத்துல இதே முகம்... இதே கை, தோள்ல."

"எப்போ காட்டினா?"

அவள் மாடிப்படியைப் பார்த்தாள்.

"சொல்லு. எப்போ?"

"அவங்க படுக்கையில விழுந்ததுக்கு முந்தின நாள்," என்றாள். "அதுக்கப்புறம் அவங்க எழுந்திருக்கவே இல்ல அண்ணி."