கப்பித்தானுக்கு வைத்த குழை

நான் அரசாங்க பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தபோது நடந்த ஒன்றைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். மன்னாரில் வெளிக்கிட்டு, அடம்பன் தாண்டி, காட்டுக்குள்ளால் போகிற பஸ். என் படிப்பு எட்டாம் வகுப்பு. வங்காலையில் மாதா கோயில் சுவாமியார் பிரம்போடு படிப்பித்த இங்கிலீசு, எழுத்துக் கூட்டி வாசிக்கப் போதும்.

காடு தொடங்குகிற இடத்தில் றோட்டோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நின்றது. காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு பச்சைக் குழையை முறித்து ஏதாவது ஒரு பிள்ளையார் கல்லின் முன்னால் வைத்துவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். வண்டில்காரர், தேன் எடுக்கிறவர்கள், விறகுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வைப்பார்கள். இந்தக் கல்லுக்கும் வைத்தார்கள். யாரோ எண்ணெய் பூசி, யாரோ விளக்கேற்றி, அதிலிருந்த இங்கிலீசு எழுத்தெல்லாம் கரிபிடித்துக் கிடந்தது.

எங்கள் றைவர் அடம்பன் ஆள். என்னைவிடப் பத்து வயது மூப்பு, அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். முந்தின வருஷம் அந்தக் காட்டில் யானை ஒன்று குறுக்கே வர, அவர் ஸ்டியரிங்கை வெட்டி, பஸ் பள்ளத்தில் சரிந்தது. ஒரு பொம்பிளைக்குக் கால் முறிந்தது. அதற்குப் பிறகு காட்டைக் கண்டவுடன் அவருக்குக் கை நடுங்கும். கல்லடியில் பஸ்ஸை நிறுத்தி, குழை வைத்துக் கும்பிட்டு ஏறினால் நடுக்கம் நின்றுவிடும். நடுங்குகிற கதை பஸ் கந்தோருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

ஒரு நாள் கல்லடியில் வைத்து, "தம்பி, நீ இங்கிலீசு தெரிஞ்சவன். இந்தச் சாமிக்கு என்ன பேர் எண்டு வாசிச்சுச் சொல்லன். பேரைச் சொல்லிக் கும்பிட்டா இன்னும் நல்லம்" என்றார்.

குனிந்து பார்த்தேன். கரிக்கு நடுவில் இரண்டு மூன்று சொல் தெரிந்தது. கப்பித்தான். சண்டை. தோற்கடித்தது. சாமியின் பேர் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தேன்.

"எழுத்து அழிஞ்சு போச்சு அண்ணை. விளங்கேல்லை."

அன்றோடு என் நிம்மதி போயிற்று. ரிக்கற் கொடுத்தவர்களிடமே திரும்பப் போய் ரிக்கற் எடுக்கச் சொன்னேன். "கொண்டக்டர் தம்பிக்குக் கலியாணம் பேசியிருக்கினம் போல" என்று ஒரு மனிசி பகிடி பண்ணினா. ஞாயிறு பூசையில் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். சொன்னால் இந்த மனிசனின் கை என்னாகும்? சொல்லாவிட்டால், எங்கள் ஆட்களை அடித்து விழுத்தினவனை அவர் நாளுக்கு இரண்டு தரம் கும்பிடுவார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் பொய் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அடுத்த கிழமை தேங்காய்ப் பொச்சு நாரும் சாம்பலும் ஒரு வாளி தண்ணியும் கொண்டு வந்து, கல்லடியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கினார்.

"அழிஞ்சுதோ எண்டு உரஞ்சிப் பாப்பம்."

பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பின் சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். "சாமியைக் குளிப்பாட்டவோ பஸ் எடுத்தனீங்கள்?"

"ஆனை வந்தா நீர் இறங்கி மறிப்பீரோ? வாயைப் பொத்திக்கொண்டு இரும்" என்றுவிட்டு அண்ணை உரஞ்சினார். கரி கரைந்து ஓட, வரி வரியாக எழுத்து வெளியே வந்தது. இனி ஒளிக்க இடமில்லை.

"இப்ப வாசி."

"அண்ணை, இது சாமி இல்லை. வெள்ளைக்காரன் நட்ட கல். அவங்கட பட்டாளத்துக் கப்பித்தான் ஒருத்தன் இந்த இடத்தில எங்கட வன்னி ஆக்களோட சண்டை பிடிச்சு வெண்டவனாம். அவன்ர பேர் கிடக்கு."

"எங்கட ஆக்களின்ர பேர்?"

"இல்லை. தோத்தவை எண்டு மட்டும்தான் கிடக்கு."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

பொச்சை வாளிக்குள் எறிந்துவிட்டு, சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். இரண்டு கையும் ஆடின. மணிக்கட்டை மற்றக் கையால் அமத்திப் பார்த்தார், நிற்கவில்லை. நான் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக நின்றேன்.

பிறகு அண்ணை இறங்கினார். ஒரு குழையை முறித்துக்கொண்டு கல்லின் முன்பக்கத்தைத் தாண்டிப் போனார். பின்னால், காட்டைப் பார்த்த பக்கத்தில் அதை வைத்தார்.

"அடி வாங்கினவை இந்தப் பக்கமாத்தானே ஓடியிருப்பினம்" என்றார். கும்பிட்டுவிட்டு வந்து ஏறினார்.

"நடுக்கம் நிண்டுட்டுதோ அண்ணை?"

"இல்லை. நீ பின்னுக்குப் போகாத. இதில நிண்டு கதைச்சுக்கொண்டு வா."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"என்னத்தையெண்டாலும் கதை. பொய் மட்டும் வேண்டாம்."

கியரடியில் நின்று கதைத்தேன். ஐயா கடலில் திருக்கை மீன் முள் குத்தி மூன்று நாள் அலறியது, அம்மா கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கிணற்றுக்குள் விழுத்தியது, நான் பூசைக்கு உதவப் போய்ச் சுவாமியாரின் வைனைக் குடித்து அடி வாங்கியது. வைன் கதைக்கு அவர் சிரித்துவிட்டார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. காடு முடிந்து வயல் தெரியும்போது என் சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் விடிய பஸ்ஸடிக்குப் போனால், என்னைக் கண்டவுடன் கேட்டார். "இண்டைக்கு என்ன கதை வைச்சிருக்கிறாய்?"