போட்டோவில் தெரிய வேண்டிய மாத்திரை

தளி பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

1. மாத்திரை எங்கே?

குழந்தைக்குப் பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க் மாத்திரையும் கொடுப்போம். தினம் ஒன்று, ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, பதினான்கு நாள். பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது. குடல் தேறவும், பேதி திரும்ப வராமலிருக்கவும்தான் அது.

எங்கள் அதிகாரிக்குக் குடலைப் பற்றிக் கவலை இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தால் போதும். ஒரு ரிவ்யூ மீட்டிங்கில் என் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, ஸ்பூன்ல வெறும் தண்ணிதான் இருக்குது? மாத்திரை எங்க?"

"கரைச்சுட்டேன் சார். கரைச்சுதான் குடுக்கணும்."

"கரைச்சுட்டா மேல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? முழுசா வச்சு எடுங்க."

டாக்டருக்குப் படித்த மனிதர் பேசிய பேச்சு இது. சரி சார் என்று தலையாட்டிய நான் மட்டும் என்ன ஒழுங்கு?

2. பத்திரமாக இருந்த அட்டை

அடுத்த வாரம், ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் ரத்னம்மாவின் ஒன்றரை வயது மகள் கௌரிக்குப் பேதி. ஸ்பூனில் முழு மாத்திரையை வைத்து, குழந்தையின் வாயருகே பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்தேன். பிறகு அந்த மாத்திரையைப் பேப்பரில் மடித்து, மிச்சம் பதின்மூன்று இருந்த அட்டையோடு தாயின் கையில் கொடுத்தேன். "தினம் ஒண்ணு, பதினாலு நாளு" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதுதான் என் ஆலோசனை. இன்னும் நான்கு வீட்டுப் போட்டோ பாக்கி இருந்ததே! குரூப்பில் அதிகாரி கட்டைவிரல் பொம்மை போட்டார். எனக்கு வாயெல்லாம் பல். வெட்கக்கேடு.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேதி திரும்ப வந்து, கண் குழிந்து, கரைசலை விழுங்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள் கௌரி. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, "ஜிங்க் குடுத்தியா இல்லியா?" என்று ரத்னம்மாவிடம் கத்தினேன்.

அவள் அரிசி டப்பாவிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். பதின்மூன்றும் அப்படியே இருந்தன. பேப்பரில் மடித்ததும் இருந்தது.

"போட்டோ புடிச்சிட்டு நீங்களே திருப்பிக் குடுத்துட்டீங்களே நர்சம்மா. தினம் ஒண்ணு புடிக்கணும்னு சொன்னீங்கன்னு நெனச்சேன். பதினாலு நாளும் புள்ளைக்குத் தல வாரி, பொட்டு வச்சு ரெடியா வச்சிருந்தேன். நீங்கதான் வரல."

கௌரி ஓசூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் டிரிப்ஸ் ஏறிப் பிழைத்தாள்.

அதன் பிறகு, முதல் மாத்திரையை நானே கரைத்து, குழந்தை விழுங்கும்வரை உட்கார்ந்திருந்துதான் எழுந்தேன். குரூப்புக்குக் காலி ஸ்பூனைப் படமெடுத்து அனுப்பினேன். அடுத்த மீட்டிங்கில் அதிகாரி மறுபடியும் கேட்டார்: "மாத்திரை எங்கம்மா?"

"கொழந்த வயித்துல சார்" என்றேன்.