சோதனைத் துணியில் ஒரு சுடிதார்

பாப் ஆர்ட் என்ற மேல்நாட்டு ஓவியப் பாணியின் பெயரைக் கேள்விப்படும் முன்பே ஞானசௌந்தரி அதைத் தைத்து உடுத்திவிட்டாள்.

தாம்பரம் சானடோரியத்தில் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனி. பனியன்களில் படம் அச்சடிப்பது அவள் வேலை. அச்சு சரியாக விழுகிறதா என்று முதலில் ஒரு கழிவுத் துணியில் அடித்துப் பார்ப்பார்கள். பத்து நாள் அடித்தால் கோலாப் புட்டிமேல் நடிகையின் உதடு, உதட்டின்மேல் தக்காளி டப்பா என்று படங்கள் ஏறிக்கொண்டே போகும். மற்றவர்கள் கை போன இடத்தில் அடித்தார்கள். ஞானசௌந்தரி இடம் பார்த்து, நிறம் பார்த்து அடித்தாள். அந்தத் துணியை வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே வழக்கம். பலர் தலையணை உறை தைத்தார்கள். அவள் சுடிதார் தைத்தாள்.

"இன்னாக்கா, மளிகைக் கடையை மாட்டிகினு வந்துகீற!" என்றாள் உடன் வேலை செய்த கங்கம்மா.

"வேணும்னா ஒரு தக்காளி எடுத்துக்கோடி."

1992இல் சரக்கு வாங்க வந்த வெள்ளைக்காரர் அவளை நிறுத்திப் படம் எடுத்தார். "பாப் ஆர்ட்!" என்று தட்டிக்கொடுத்தார். தட்டியது மேனேஜர் ராஜாராமனின் தோளை. மூன்றே மாதத்தில் அவள் சுடிதாரில் இருந்த அதே அச்சோடு ஆறாயிரம் சட்டைகள் கப்பலேறின. கழிவுத் துணியை எடுக்கக்கூடாது என்று பலகை வைத்தார்கள்.

தன் சுடிதார் பழையதுதானே என்று அதையே உடுத்தி வந்தாள். மாலை வாசல் சோதனையில் பிடித்துக் கழற்றச் சொன்னார்கள். கங்கம்மாவின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நின்றாள். கம்பெனி டிசைனைத் திருடியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு என்றார்கள்.

"போட்டுட்டு வாக்கா. இன்னாத்துக்கு பேஜாரு?"

"நான் அடிச்ச படத்த நானே திருடுவேனாடி?"

அவள் போகும் கிறிஸ்தவ சபையில் அவளுக்காக ஜெபித்தார்கள். ஜெபம் எந்த மேனேஜரையும் திருத்தியதில்லை. அவள் நம்பியது சாட்சியை. வெள்ளைக்காரர் எடுத்த படத்தை. அது கம்பெனிக்கு வந்த விற்பனைப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருந்தது. முகம் தெரியாமல் கழுத்துக்கு மேலே வெட்டியிருந்தார்கள்.

அதையே மேனேஜர் மேசையில் விரித்தாள். "இடுப்புல இருக்கிற கையப் பாருங்க சார். சாயம் ஏறின நகம், அச்சு மருந்து சுட்ட தழும்பு. என் கைதான்."

ராஜாராமன் படத்தைப் பார்த்தார். நீட்டிய கையையும் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே அச்சு மேசைகளில் நாற்பது பெண்கள் குனிந்திருந்தார்கள்.

"இங்க எல்லார் கையும் அப்படித்தானேம்மா இருக்கு?"

கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தாள். இப்போது பெருங்களத்தூரில் பள்ளிச் சீருடை தைக்கிறாள். வெள்ளையும் காக்கியும். படம் கிடையாது.