அக்கரை தெரியாத தண்ணீர்

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியில் கடலைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தாமிரபரணியைத் தவிர வேறு தண்ணீரைக் கண்டறியாத நான், கடலைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தூத்துக்குடிக்கு ரயிலேறினேன்.

கரையில் ஒரு பெண் முழங்கால்வரை நனைந்த சேலையோடு நின்றிருந்தாள். வெயிலில் கன்றிய முகம். கைகளை வாயருகே குவித்து, "இஞ்சேரும்! இஞ்சேரும்!" என்று கடலைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தாள். அக்கரை வயலுக்குப் போன கணவனை எங்கள் ஆற்றங்கரைப் பெண்கள் அப்படித்தான் சாப்பிடக் கூப்பிடுவார்கள்.

"யாரைக் கூப்பிடுதீய அக்கா?"

"எங்க வீட்டுக்காரவுகள. கொழும்புத் தோட்டத்துக்குப் போனவுக, ஒரு சேதியும் இல்ல. என் சத்தம் எட்டல தம்பி. நீங்க கூப்பிடுங்க, ஆம்பளக் கொரலு தூரம் போவும்."

"அவுக பேரு என்ன?"

அவள் பதறி முந்தானையால் வாயைப் பொத்தினாள். "நான் சொன்னா அவுக ஆயுசு கொறஞ்சிருமே!"

கொழும்புக்குக் குரல் எட்டாது என்று தெரிந்தும், "அண்ணாச்சீ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் காதைக் கடல்பக்கம் சாய்த்துக்கொண்டு காத்து நின்றாள்.

கட்டுரையில் அலை, கப்பல், முத்து என்று எழுதினேன். பரிசும் கொடுத்தார்கள். அன்று கொழும்புத் தோட்டத்தில் யாராவது தலைநிமிர்ந்து பார்த்தாரா என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.