ஒரு பிடி உப்பு

எழுபதுகளின் கடைசியில் நான் ஈப்போவில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சூனியக்காரியாக நடித்தேன். நவீன நாடகம் என்றார்கள். மேடையோ திரையோ கிடையாது. ஆட்கள் வட்டமாக உட்காருவார்கள், நடுவில் நாங்கள். இயக்குநர் செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை, வாத்தியார். ரப்பர் தோட்டத்தை பஸ் சன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர். நீ வளர்ந்த தோட்டத்தில் நடந்தது ஏதாவது சொல் என்று கேட்டார். சொல்லித் தொலைத்தேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒருத்தி இருந்தாள். பாகான் செராய் பக்கமிருந்து தனியாக வந்தவள். அம்மாவுக்குப் பக்கத்து மர நிரையில் ரப்பர் பால் வெட்டினாள். தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவின் பால் வாளிகளையும் சேர்த்துச் சுமந்தவள் அவள்தான். அந்த வருஷம் லயத்தில் இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் செத்தன. அவள் சூனியம் வைத்துவிட்டாள் என்றார்கள். எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவளுக்கு உப்புத் தர மாட்டார்கள். உப்புக் கை மாறினால் அந்த வீட்டையே மந்திரத்தால் கட்டிவிடுவாள் என்று பயம். அது தெரிந்துதான் அவள் வாசல் வாசலாக வந்து ஒரு பிடி உப்புக் கேட்டாள். ஒரே ஒரு வீட்டில் தந்திருந்தால்கூட, தன்னை நம்ப ஓர் ஆள் உண்டென்று அவள் இருந்திருப்பாள். அம்மா கதவைச் சாத்தினாள். மறுநாள் கடைசி வீடு காலி.

இயக்குநருக்குக் கதை பிடித்துப்போனது. பார்க்க வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு உப்புப் பொட்டலம் கொடுப்போம். கடைசியில் நான் முந்தானையை ஏந்திக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வருவேன். யாராவது போட்டால்தான் நாடகம் முடியும். ஈப்போவில் முதல் சுற்றிலேயே கொட்டினார்கள். ஒரு குமாஸ்தா மனைவியின் பொட்டலத்தையும் பிடுங்கிப் போட்டார். கமுந்திங்கிலும் அதே கதைதான். நல்லவர்களாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று எரிச்சலாக வந்தது.

அடுத்து எங்கள் தோட்டத்தில் போடலாம் என்றார் இயக்குநர்.

"வேணாம் சார். அங்க குடுக்க மாட்டாங்க."

"யாராச்சும் குடுப்பாங்க. ஒங்கம்மா இருக்காங்கல்ல?"

சரி என்றேன். அம்மா தருவாள் என்று எனக்கும் ஆசை.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஒரு சாயங்காலம் போட்டோம். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் சுற்றில் ஒரு கையும் நீளவில்லை. சிலர் பொட்டலத்தை மண்ணில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்ட அக்கா தன் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டாவது சுற்றில் அம்மா முன்னால் நின்று, "ஒரு பிடி உப்பு" என்றேன். வசனம்தான். அம்மா தலை நிமிரவில்லை. பொட்டலம் கைக்குள் இறுகியிருந்தது.

அப்புறம் எத்தனை சுற்று வந்தேனோ தெரியாது. கால்கள்தான் நடந்தன. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போயிருந்தேன். கடைசியில் இயக்குநரே எழுந்து, "முடிஞ்சிருச்சி" என்று கை தட்டினார். அவர் மட்டும்தான் தட்டினார்.

அம்மாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். அடுப்படிக்கு வந்ததும் அம்மா பொட்டலத்தை என் முன்னால் வைத்தாள். வியர்வையில் காகிதம் நைந்திருந்தது.

"பெத்த மகளாச்சே, குடுத்துரலாம்னுதான் இருந்திச்சி. என் வாளியத் தூக்குனவளுக்குக் குடுக்கல. ஒனக்கு மட்டும் எந்தக் கையால குடுப்பேன்?"

சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்.

"சித்தியவான் பக்கம் இருக்கறதாக் கேள்விப்பட்டேன். எப்படி இருக்கா?"

"யாரும்மா?"

"அவதான், அந்தக் கடைசி வீட்டுக்காரி. போயி பாத்து, ஒரு வார்த்த கேட்டுட்டுத்தானே ஆடுனீங்க?"

ஆறு மாதம் ஒத்திகை பார்த்திருந்தோம். அவள் எப்படி நடந்திருப்பாள், முந்தானையை எந்த உயரத்தில் ஏந்தியிருப்பாள் என்று மணிக்கணக்கில் பேசியிருந்தோம்.

"இல்லம்மா" என்றேன்.